நம்மை எண்ணிய எண்கள்: கெடாத் தமிழ் மாணவரும் இயங்கலைப் புள்ளியியற் கல்வியும்



மொழியை வளர்ப்பதற்கென்று அமைந்த ஓர் அவையில் புள்ளியியலைப் பற்றிப் பேச என்ன தேவை என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வையம் இயல்பானதே. ஆயினும், இன்று ஒரு சமுதாயத்தைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் எண்களை முன்வைத்தே எடுக்கப்படுகின்றன. எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், எந்த ஊரில் புதிய கட்டடம், எந்தத் தோட்டத்துப் பள்ளி இடம்பெயர வேண்டும் என்னும் வினாக்கள் யாவும் ஓர் அட்டவணையிலிருந்தே தொடங்குகின்றன. அவ்வட்டவணையைப் படிக்கத் தெரியாத சமுதாயம், தன்னைப் பற்றிய வழக்கைத் தனக்குப் புரியாத மொழியில் கேட்டுக்கொண்டு நிற்கும் கட்சிக்காரரைப் போன்றது. ஆதலால், எண்களைப் படிக்கும் அறிவும் மொழியறிவின் ஒரு பகுதியே என்று நாம் கருதுகிறோம்.

இவ்வுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. புள்ளியியலையும் தரவுக் காட்சிப்படுத்தலையும் கற்பதற்கான வளங்கள் இன்று இயங்கலையில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை நம் மாணவர்கள் தம் ஊரின் தரவைக் கொண்டும் தம் மொழியின் சொற்களைக் கொண்டும் கற்கத் தொடங்கினால்தான் அக்கல்வி வேரூன்றும்.

1. தோட்டம் என்னும் எண்களின் உலகம்

கோலமூடா, கூலிம், பாலிங் ஆகிய மாவட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த இரப்பர்த் தோட்டங்களை எண்களின் உலகம் என்றே கூறலாம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர்களைப் படித்து வருகையைச் செக்ரோலில் பதிவார். நண்பகலுக்குள் பால் கொட்டகையில் ஒவ்வொருவரின் பாலும் நிறுக்கப்படும். பாலின் எடை மட்டும் போதாது. அதில் நீர் எவ்வளவு, உலர்ந்த இரப்பர் எவ்வளவு என்றும் அறிதல் வேண்டும். அதற்காகச் சிறிதளவு பாலை எடுத்து, அமிலமிட்டு உறையவைத்து, உலர்த்தி, மீண்டும் நிறுப்பார்கள். அல்லது பாலில் மிதக்கவிடும் அளவுகோல் ஒன்றைக் கொண்டு கணிப்பார்கள். அந்தச் சிறு அளவிலிருந்தே முழுப் பாலின் மதிப்பும் முடிவாகும்.

இன்று புள்ளியியல் நூல்கள் மாதிரியெடுத்தல் என்று கூறுவது இதனைத்தான். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியும் இதனையே சுட்டும். ஆனால், பாலை நன்கு கலக்காமல் மேலாக மொண்டால் கணிப்புத் தவறும். மாதிரியின் அளவைவிட, அது முழுமையிலிருந்து ஒரு சார்பின்றி எடுக்கப்பட்டதா என்பதே முதன்மையான வினா. இவ்வுண்மையைப் பால் கொட்டகையில் நின்றவர்கள் ஏட்டுக்கல்வி இல்லாமலேயே அறிந்திருந்தனர். அவ்வாறே, மழைநாளில் மரம் வெட்ட இயலாது என்பதையும், ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிரும் காலத்தில் பால் குறையும் என்பதையும் அவர்கள் அறிவார்கள். புள்ளியியலார் அதனைப் பருவகால மாறுபாடு என்பர்.

எனினும், அந்த எண்கள் எல்லாம் சென்ற திசை ஒன்றுதான். தொழிலாளியிடமிருந்து கிராணியாருக்கு, கிராணியாரிடமிருந்து துரைக்கு, துரையிடமிருந்து கடல் கடந்த நிறுவனத்திற்கு. மரம் வெட்டியவர் தம் கூலியை மட்டுமே கண்டார். தம் நிரையின் விளைச்சல் ஆண்டு முழுவதும் ஏறியதா இறங்கியதா என்பதைக் காட்டும் ஒரு கோட்டை அவர் கண்டதில்லை.

நம் மாநிலத்திற்கு வெளியே இருந்தும் இதற்கு ஒரு சான்று காட்டலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், தோட்டந்தோறும் சென்று பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கத்தைச் சோதித்து எண்ணினார். மலேரியா மிகுந்த தோட்டங்கள் எவை, நீர் வடிகாலால் பயன் பெற்றவை எவை என்று பிரித்தறிய அவ்வெண்களே அவருக்கு வழிகாட்டின. சமவெளித் தோட்டங்களுக்கு உதவிய முறை குன்றுப்பகுதித் தோட்டங்களுக்கு உதவவில்லை என்பதும் அவ்வாறே புலப்பட்டது. எண்ணப்பட்டவர்களில் பலர் தமிழ்ப் பிள்ளைகள். அவ்வெண்கள் உயிர்களைக் காத்தன. ஆனால் அவை எழுதப்பட்ட மொழி அப்பிள்ளைகளின் பெற்றோர் அறியாத மொழி.

இன்றைய தலைமுறை தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் நம் இளைஞர்கள் பலர் பணியாற்றுகின்றனர். இத்தகைய தொழிற்சாலைகளில் தரத்தைக் காப்பதற்குப் பயன்படும் கட்டுப்பாட்டு வரைபடம், 1924இல் அமெரிக்கப் பொறியியலாளர் வால்டர் ஷூவார்ட் வகுத்தது. நடுவே ஒரு கோடு, மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகள், இடையே ஏறியிறங்கும் புள்ளிகள். எந்த ஏற்ற இறக்கம் இயல்பானது, எது இயந்திரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டியது என்று அது பிரித்துக் காட்டும். அப்படத்தில் புள்ளியை மட்டும் இடத் தெரிந்தவருக்கும், படத்தைப் படித்து முடிவு சொல்லத் தெரிந்தவருக்கும் பணியிலும் ஊதியத்திலும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. இரண்டு புள்ளிகளுக்கு இடையே

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வுரைக்கு அடிப்படையான ஒன்று. மலாயா முழுவதற்கும், கெடா போன்ற கூட்டிணைக்கப்படாத மாநிலங்களையும் உட்படுத்தி, 1921இல் ஒரே திட்டத்தின்கீழ்க் கணக்கெடுப்பு நடந்தது. அடுத்து 1931இலும், போருக்குப் பின்னர் 1947இலும் நடைபெற்றது.

சிங்கப்பூரையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1931இல் இந்தியர் தொகை 6 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். 1947இல் அது 6 இலட்சத்திற்குச் சற்றுக் கீழ். இவ்விரு எண்களையும் ஒரு வரைபடத்தில் இரு புள்ளிகளாக இட்டு ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். மெல்லச் சரியும் ஒரு கோடு தோன்றும். பார்ப்பவருக்குப் பெரிதாக எதுவும் நடந்ததாகத் தோன்றாது.

ஆனால், அந்தப் பதினாறு ஆண்டுகளில் நடந்தவை எத்தனை! பொருளாதார மந்தத்தின்போது ஆயிரக்கணக்கானோர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நிலைமை சீரானபின் பலர் மீண்டும் வந்தனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. 1942இலும் 1943இலும் சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாண்டவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லை; அறிஞர்களின் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன.

புள்ளியியல் கற்பிக்கும் பெரும்பாடங்களுள் ஒன்று இங்கே உள்ளது. இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு நாம் வரைந்ததே அன்றி, வரலாறு வரைந்ததன்று. விடுபட்ட தரவும் ஒரு செய்தியே. எவரை எண்ணவில்லை என்று கேட்பது, எத்தனை பேர் என்று கேட்பதற்கு இணையான அறிவு. மரண இரயில்பாதை பற்றிய வாய்மொழிச் செய்திகளை இன்றும் நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் மாநிலத்தில் உண்டு. அச்செய்திகளைக் கேட்டு வளர்ந்த மாணவருக்கு இப்பாடம் நூலில் உள்ள பயிற்சியாக மட்டும் நின்றுவிடாது.

3. திறந்து வைக்கப்பட்ட கதவுகள்

முன்பு இத்தகைய அட்டவணைகளைக் காண நூலகத்திற்கோ அரசு அலுவலகத்திற்கோ செல்ல வேண்டியிருந்தது. இன்று மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ‘ஓப்பன் டோசம்’ என்னும் தளமும், அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளமும் அவற்றை எவரும் பதிவிறக்கும் வகையில் வைத்துள்ளன. மலாயிலும் ஆங்கிலத்திலும் இயங்கும் இத்தளங்களைக் கைப்பேசியிலேயே திறக்கலாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 24 இலட்சம். கெடாவின் மக்கள்தொகை 21 இலட்சத்திற்கு மேல். கெடாவின் 12 மாவட்டங்களுக்கும் வயது, பால், இனம் வாரியான மதிப்பீடுகளை அங்கே காணலாம். ‘கவாசான்கூ’ என்னும் பகுதியில் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி வரையிலும் இறங்கிச் செல்லலாம். சுங்கைப் பட்டாணியையும் பாடாங் செராயையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது சில நிமிட வேலை.

சிறுவர்களுக்கு ஏற்ற தரவும் உண்டு. நாட்டில் நாள்தோறும் நிகழ்ந்த பிறப்புகளின் எண்ணிக்கை பல பத்தாண்டுகளுக்குத் தொகுக்கப்பட்டுள்ளது. தான் பிறந்த நாளில் நாட்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று காணும் மாணவன், எண்களை அஞ்ச மாட்டான். ‘பிரைஸ்கேட்சர்’ என்னும் விலைத் தரவில் கோழி, வெங்காயம் போன்ற பொருள்களின் விலை, கடை வாரியாகவும் நாள் வாரியாகவும் கிடைக்கிறது. கோவிட் பெருந்தொற்றின்போது, 2021 சூலை முதல் சுகாதார அமைச்சு தன் நாள்வாரித் தரவைப் பொதுவில் வெளியிட்டது. அன்று நாடு முழுவதும் மக்கள் வரைகோடுகளைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டதை நாம் மறக்கவில்லை.

கதவு திறந்திருக்கிறது என்பதால் எல்லாம் உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாகாது. பொதுவாக வெளியிடப்படும் அட்டவணைகளில் ‘இந்தியர்’ என்பது ஒரே பத்தி. தமிழர், தெலுங்கர், மலையாளியர், பஞ்சாபியர் என்னும் பிரிவுகளைப் பழைய கணக்கெடுப்பு நூல்களில் காணலாம்; இன்றைய அட்டவணைகளில் அவை ஒன்றாக்கப்பட்டுள்ளன. ஆகவே, கெடாவில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்னும் வினாவிற்கு அப்பத்தி விடை தராது. அதுபோலவே, ‘நகர்ப்புறம்’ என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. மக்கள்தொகை 10,000 என்பது அதில் ஓர் எல்லை. நகரம் விரிந்து தோட்டத்தைச் சூழும்போது, லயத்தில் குடியிருப்பவர் வீடு மாறாமலேயே கணக்கில் நகரவாசி ஆகிவிடலாம். எண்ணைப் பார்க்குமுன் அதன் வரையறையைப் படிக்க வேண்டும் என்பதை இதனின் தெளிவாகக் கற்பிக்கும் எடுத்துக்காட்டு அரிது.

4. கற்பதற்கு என்னென்ன உள்ளன

இனி, கற்றலுக்கான வளங்களைக் காண்போம். அவை மிகப் பல. நம் மாணவர்க்குப் பயன்படும் சிலவற்றை மட்டும் வகைப்படுத்திக் கூறுகிறோம்.

முதலாவது, தமிழில் உள்ளவை. தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் மின்னூல்களாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணித நூலில் புள்ளியியலும் நிகழ்தகவும் ஓர் இயலாக உள்ளன. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் புள்ளியியல் தனிப்பாடமாகவே தமிழில் உள்ளது. இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் தமிழ்வழிக் கணித நூல்களை இணையத்தில் வைத்துள்ளது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் புள்ளியியற் கட்டுரைகள் பல உள்ளன. இவற்றை ஒருமுறை பதிவிறக்கிவிட்டால், இணைய இணைப்பு வலுவற்ற தோட்டப்புறத்திலும் படிக்க இயலும் என்பது சிறப்பு.

இரண்டாவது, ஆங்கிலத்தில் உள்ளவை. கான் அகாடமி அடிப்படையிலிருந்து படிப்படியாகக் கற்பிக்கிறது, பயிற்சிகளும் தருகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘சீயிங் தியரி’ என்னும் தளத்தில் நாணயத்தையும் பகடையையும் திரையிலேயே ஆயிரம் முறை உருட்டிப் பார்க்கலாம். ஆங்கிலம் குறைவாக அறிந்தவரும் படத்தின் அசைவாலேயே நிகழ்தகவை உணர்வர். ‘ஓப்பன் இன்ட்ரோ’ முழுமையான பாடநூலை விலையின்றித் தருகிறது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் தம் மகனோடும் மருமகளோடும் 2005இல் நிறுவிய ‘கேப்மைண்டர்’, நாடுகளின் வருமானத்தையும் வாழ்நாளையும் நகரும் குமிழ்களாகக் காட்டும். மலேசியக் குமிழ் இருநூறு ஆண்டுகளில் எங்கிருந்து எங்கு வந்தது என்று வகுப்பில் ஒருமுறை காட்டினால், ஒரு வரலாற்றுப் பாடமும் அதனுடன் முடியும். பல்கலைக்கழகம் செல்லவிருப்போர்க்குச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பின் விரிவுரைகள் காணொளிகளாக உள்ளன.

மூன்றாவது, கருவிகள். கல்வியமைச்சின் டெலிமா கணக்கு நம் மாணவர் ஒவ்வொருவரிடமும் உள்ளது. அதன்வழிக் கூகுள் விரிதாள் கிடைக்கிறது. தொடக்கத்திற்கு அதுவே போதும். பள்ளி மாணவர்க்கென்றே அமைந்த ‘கோடாப்’ என்னும் தளத்தில் புள்ளிகளை இழுத்துப் போட்டே வரைபடம் ஆக்கலாம். அச்சிடத்தக்க படங்களுக்கு ‘டேட்டாராப்பர்’ உண்டு. மேற்படிப்பிற்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் இராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய ‘ஆர்’ என்னும் நிரல்மொழி உண்டு. அதனைக் கற்பிக்கும் நூல்களும் விலையின்றி உள்ளன.

இத்தனையையும் ஒருசேரத் திறந்து வைத்துத் திகைக்க வேண்டுவதில்லை. ஒரு தமிழ்ப் பாடநூல், ஒரு விரிதாள், ஒரு தரவுத் தளம் ஆகிய மூன்றைக் கொண்டு ஓராண்டு பயில்வது, முப்பது தளங்களைப் புரட்டுவதைவிட நன்று.

5. மும்மொழிப் பாதையில் ஒரு பள்ளம்

இங்கேதான் மொழி குறுக்கிடுகின்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தரவைக் கையாளுதலைத் தமிழில் கற்கும் மாணவன், இடைநிலைப்பள்ளியில் அதனை மலாயில் தொடர்கிறான். முதலாம் படிவத்தில் தரவைக் கையாளுதல், இரண்டாம் படிவத்தில் மைய அளவைகள், நான்காம் ஐந்தாம் படிவங்களில் சிதறல் அளவைகள் என்று பாடம் வளர்கிறது. இயங்கலை வளங்களிலோ பெரும்பகுதி ஆங்கிலம். ஒரே கருத்து மூன்று ஆடைகளில் அவன்முன் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். சராசரிக்கு மலாய்ப் பாடநூலில் உள்ள சொல் ‘மின்’. இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் வகுப்பின் தேர்வு மதிப்பெண்களை விரிதாளில் இட்டுச் சராசரி காண விரும்பி, ‘மின்’ என்று தட்டச்சு செய்கிறான் என்று கொள்வோம். விரிதாளில் அப்பெயருடைய கட்டளை உண்டு. ஆனால் அது ஆங்கிலத்தின் ‘மினிமம்’ என்பதன் சுருக்கம். கணினி பிழை ஏதும் காட்டாது. வகுப்பிலேயே மிகக் குறைந்த மதிப்பெண்ணை விடையாகத் தந்துவிடும். சராசரிக்கு உரிய கட்டளை ‘ஆவரேஜ்’. கருத்தை ஒரு மொழியிலேனும் ஆழமாகப் பற்றியவன், வகுப்பின் சராசரி மிகக் கடைசி மாணவனின் மதிப்பெண்ணாக இருக்க முடியாதே என்று உடனே ஐயுறுவான். சொல்லை மட்டும் பற்றியவன் விடையை எழுதிவிட்டு நகர்வான். தாய்மொழியில் கருத்தை ஊன்ற வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது உணர்ச்சியால் மட்டுமன்று; இக்காரணத்தாலும் ஆகும்.

தமிழுக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டு நூலில் ‘இடைநிலை அளவு’ என்பது இலங்கை நூலில் ‘இடையம்’. அங்கு ‘முகடு’, இங்கு ‘ஆகாரம்’. அங்கு ‘நிகழ்வெண்’, இங்கு ‘மீடிறன்’. ‘திட்ட விலக்கம்’ என்பது ‘நியம விலகல்’ ஆகிறது. ‘நிகழ்வுச் செவ்வகம்’ என்பது ‘வலையுருவரையம்’ ஆகிறது. ‘நிகழ்தகவு’ போன்ற சில சொற்களே இருபுறமும் பொதுவாக உள்ளன. இயங்கலையில் இரு நாட்டு நூல்களையும் ஒருங்கே பயன்படுத்தும் நம் மாணவன், ஒன்றையே இரண்டென மயங்குவான்.

இவ்வேறுபாட்டைக் குறையாக மட்டும் காண வேண்டுவதில்லை. ஒவ்வொரு சொல்லும் கருத்தின் ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. தரவை ஒரு மலைத்தொடராக வரைந்தால் உயர்ந்து நிற்கும் இடம் ‘முகடு’ என்பது படமாகவே மனத்தில் நிற்கும். தமிழ்நாட்டு நூலில் உள்ள ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்னும் தொடரைப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று காண்க, அவ்விலக்கங்களை வர்க்கப்படுத்துக, அவ்வர்க்கங்களின் சராசரியைக் காண்க. சொல்லே சூத்திரமாக அமைந்துவிட்டது. மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள சொல் இவ்வழியைக் காட்டுவதில்லை. இச்சொல்லை அறிந்த மாணவன் சூத்திரத்தை மனனம் செய்ய வேண்டுவதில்லை.

6. சராசரி மறைப்பதும் படம் காட்டுவதும்

இனி, நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு தரவைக் காண்போம். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. இவ்விரு எண்களை மட்டும் பட்டைகளாக வரைந்தால் வீழ்ச்சி ஒன்றே தெரியும். ஆனால், மாணவர் தொகையைத் தனியாக வரைந்து பாருங்கள். 1957இல் ஏறத்தாழ 50 ஆயிரம். 2010 அளவில் ஒரு இலட்சத்திற்கு மேல். இப்பத்தாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 80 ஆயிரம். பள்ளிகள் குறைந்த காலத்தின் பெரும்பகுதியில் மாணவர் தொகை பெருகியிருக்கிறது. அண்மைக் காலத்தில்தான் அது சரிகிறது. சிறு தோட்டப்பள்ளிகள் மூடப்பட்டதும் இணைக்கப்பட்டதும் ஒரு கதை. மாணவர் குறைவது வேறொரு கதை. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் தவறான மருந்தையே தேடுவோம்.

மாணவர் குறைவதற்கும் உடனே பெற்றோரைக் குறைகூறிவிட இயலாது. மலேசிய இந்தியரின் கருவள விகிதம், தலைமுறையை ஈடுசெய்யும் அளவாகிய 2.1க்கு மிகவும் கீழே சென்றுவிட்டது. பிறக்கும் குழந்தைகளே குறைந்திருக்கும்போது, முதலாம் ஆண்டில் சேர்வோர் தொகையை மட்டும் பார்ப்பது போதாது. ஏழு ஆண்டுகளுக்கு முன் பிறந்த குழந்தைகளுள் எத்தனை விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளிக்கு வந்தனர் என்பதே சரியான வினா. மேலே உள்ள எண்ணைப் பற்றி உரக்கப் பேசுமுன், கீழே உள்ள வகுஎண்ணைக் கேட்பது புள்ளியியல் தரும் நல்லொழுக்கம்.

அடுத்து, சராசரி. மேற்கண்ட எண்களின்படி ஒரு பள்ளிக்கு இன்று ஏறத்தாழ 150 மாணவர் என்று வரும். கல்வியமைச்சின் வகைப்பாட்டில் 150 மாணவரும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை குறைந்த மாணவர் கொண்ட பள்ளிகள். இப்பொழுது ஒரு கற்பனைக் கணக்கைச் செய்வோம். ஒரு வட்டாரத்தில் ஐந்து பள்ளிகள். நான்கு தோட்டப்பள்ளிகளில் முறையே 18, 25, 32, 40 மாணவர்கள். ஐந்தாவது நகரப்பள்ளி, அதில் 685 மாணவர்கள். கூட்டுத்தொகை 800, சராசரி 160. அவ்வட்டாரப் பள்ளிகள் சராசரியாக எல்லையைத் தாண்டிவிட்டன என்று அறிக்கை எழுதலாம். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் 160 மாணவர் அளவிலான ஒரு பள்ளிகூட அங்கே இல்லை! இடைநிலை அளவைக் கண்டால் 32. நான்கு பள்ளிகளில் வகுப்புகளை இணைக்கும் சிக்கலும், ஐந்தாவதில் இட நெருக்கடியும் இருக்கும். தோட்டத்திலிருந்து சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் மக்கள் பெயர்ந்த நம் மாநிலத்தில் இக்கணக்கின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. ஐந்து பள்ளிகளையும் ஐந்து புள்ளிகளாக ஒரு கோட்டில் இட்டுக் காட்டினால் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

தரவைப் படமாக்குவதன் பயன் அதுவே. 1786இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் வணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து வெளியிட்டார். 1801இல் வட்டக் குறிவரைவையும் பயன்படுத்தினார். அன்று முதல் இன்று வரை படத்தின் அறம் மாறவில்லை. பட்டைகளைச் சுழியத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். இடையில் தொடங்கினால் சிறு வேறுபாடு மலையாகத் தோன்றும். வட்டத்தைப் பத்துத் துண்டுகளாக வெட்டினால் எவராலும் ஒப்பிட இயலாது. தலைப்பு, அலகு, ஆண்டு, தரவின் மூலம் ஆகியவை இல்லாத படம் கையொப்பம் இல்லாத கடிதம் போன்றது.

தமிழில் படம் வரைவோர்க்கு இன்னொரு செய்தி. சில நிரல் நூலகங்கள் தமிழ் எழுத்தைச் சரிவரக் கோப்பதில்லை. ‘கெடா’ என்று எழுதினால் கொம்பு ககரத்திற்குப் பின்னால் சென்று நிற்கும். நம் மாநிலத்தின் பெயரே அதற்குச் சோதனைச் சொல். பைத்தான் மொழியில் பெரிதும் பயன்படும் ‘மேட்பிளாட்லிப்’ நூலகத்தில் இச்சிக்கல் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. உலாவியில் இயங்கும் கருவிகளில் தமிழ் செம்மையாகவே தோன்றும். தமிழ் கொண்ட தரவுக் கோப்பு விரிதாளில் சிதைந்து தோன்றினால், ஒருங்குறி முறையில் இறக்குமதி செய்தால் சரியாகும். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கணினியில் தமிழைக் காண்பதற்கே போராட வேண்டியிருந்த காலத்தைக் கடந்து வந்த நமக்கு, வரைபடத்தில் ஒரு கொம்பைச் சரிசெய்வது பெருந்தடையாகாது.

7. செய்யத் தக்கவை

இறுதியாக, ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் இப்பேரவையிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, பள்ளிதோறும் ஆண்டுக்கு ஒரு தரவுத் திட்டம். பள்ளி வளாகத்தில் மழைமானி ஒன்றை வைத்து நாள்தோறும் பதிந்தாலே ஆண்டு முடிவில் அழகிய வரைபடம் கிடைக்கும். சந்தை விலையைத் தாமே குறித்து, அரசின் விலைத் தரவோடு ஒப்பிடலாம். எல்லாவற்றினும் மேலாக, உங்கள் தாத்தா பாட்டி பிறந்த தோட்டம் எது, பெற்றோர் பிறந்த இடம் எது, நீங்கள் பிறந்த இடம் எது என்னும் மூன்று வினாக்களை வகுப்பில் கேட்டுத் தொகுத்து, ஒரு நிலப்படத்தில் இடுங்கள். எந்த அட்டவணையிலும் இல்லாத நம் இடப்பெயர்ச்சி வரலாறு அதில் தோன்றும். பல தோட்டங்களின் பெயர்கள் இன்று பள்ளிப் பெயர்ப்பலகைகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. தொகுக்கும்போது பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதாதீர்கள். கேட்குமுன் இசைவு பெறுங்கள். தரவைத் தருபவரின் மதிப்பைக் காப்பது புள்ளியியலின் முதற்கடமை.

இரண்டாவது, ஒரு கையடக்கச் சொற்பட்டியல். மலேசியத் தமிழ்ப்பள்ளி வழக்கு, தமிழ்நாட்டு வழக்கு, இலங்கை வழக்கு, மலாய், ஆங்கிலம் என ஐந்து பத்திகள். ஐம்பது சொற்கள் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் நம் மண்ணிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். ‘மின்’ போன்ற மயக்கச் சொற்களுக்குத் தனிக்குறிப்பும் இருத்தல் நலம். இதனைச் செய்ய இப்பேரவையினும் பொருத்தமான அமைப்பு வேறில்லை.

மூன்றாவது, எழுதுதல். ஒரு வரைபடத்தைப் பார்த்து அது கூறுவதை ஐந்து வாக்கியங்களில் தமிழில் எழுதும் பயிற்சியைக் கட்டுரைப் பாடத்தோடு சேர்க்கலாம். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து திருத்தட்டும். எண்ணைக் கண்டு தெளிவாக எழுதத் தெரிந்தவர் பின்னாளில் பள்ளி வாரியத்திலும் பொதுக்கூட்டத்திலும் தெளிவாகப் பேசுவார்.

பெருமக்களே, நூறாண்டுகளுக்கும் மேலாக நாம் எண்ணப்பட்டு வந்துள்ளோம். பெரட்டில் எண்ணினார்கள், மருத்துவமனையில் எண்ணினார்கள், கணக்கெடுப்பில் எண்ணினார்கள். அவ்வெண்களுள் பல நமக்கு நன்மை செய்தன. சில நம்மை மறைத்தன. இன்று அவை பெரும்பாலும் நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அவற்றைத் திறந்து பார்க்கவும், இது யாரைக் கணக்கில் கொண்டது, யாரை விட்டது, எதனால் வகுத்தது என்று வினவவும், வினவியதைத் தமிழில் பிறர்க்கு விளக்கவும் வல்ல ஒரு தலைமுறையை உங்கள் வகுப்பறைகள் உருவாக்கட்டும்.